ஆர்டிஸ் பாக்கனின் அக்கரை வசூல்

ஆர்டிஸ் பாக்கன் தொலைபேசியில் விடைபெற ஆரம்பித்து அதைக் கீழே வைப்பதற்குள் நான் ஒரு வழக்கு மனுவை எழுதி முடித்துவிடுவேன். மிகைப்படுத்தவில்லை. ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். "சரி, அப்ப வெச்சிடட்டுமா" என்பார் அந்த அம்மா. அதற்குப் பிறகு பேச்சில் பனி வரும், மருமகள் வருவாள், பக்கத்து வீட்டு நாயின் ஒடிந்த கால் வரும். மறுபடியும் "சரி, அப்ப" என்பார். இப்படிப் பதினேழு வருடம் அவருக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்து நான் பல்லைக் கடித்திருக்கிறேன்.

எனக்குப் பொறுமை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல், பெயர் விக்டர். பிறந்தது நியூ ஜெர்சியில். அங்கே ஒருவன் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். வேண்டும் என்றால் கேட்பதற்கு முன்பே தட்டை நீட்டியிருப்பான். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். வேலை போனவர்களுக்கு வாராவாரம் உதவித்தொகை கொடுக்கிற மாநில அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது.

எங்கள் அலுவலக ஜன்னலில் நின்று கல்லை விட்டெறிந்தால் அது அடுத்த மாநிலத்தில் போய் விழும். நடுவில் இருப்பது ரெட் ஆறு. பாலத்தில் காரை விட்டால் அக்கரை போய்ச் சேர அரை நிமிடம் ஆகும். ஆனால் எங்கள் மாநிலத்தின் உத்தரவு அதே பாலத்தைக் கடக்க எட்டு மாதம் ஆகும். உதவித்தொகையை ஒருவருக்குத் தவறிக் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், அவர் அக்கரைக்குக் குடிபோய்விட்டார் என்று வையுங்கள். எங்கள் அதட்டலுக்கு அங்கே மதிப்பில்லை. இங்கே நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கி அதை அங்கே கொண்டுபோய்ப் பதிவு செய்யவேண்டும். அல்லது அவருக்கு அந்த மாநிலம் கொடுக்கும் உதவித்தொகையில் பாதியைப் பிடித்து எங்களுக்கு அனுப்பச் சொல்லி எழுதவேண்டும். இந்த இரண்டும் என் வேலை. இந்த இரண்டுக்கும் போகாமல் பார்த்துக்கொள்வது ஆர்டிஸின் வேலை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்காமல் போட்டதையெல்லாம் ஆர்டிஸ் ஆற்றைத் தாண்டிப் போய் அள்ளிக்கொண்டு வருவார். எப்படி என்று கேட்டால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அரசாங்க உறையை யாரும் பிரிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு உறையின் மேலும் நீல மையில், கையெழுத்தில், "பயப்படாம பிரிங்க - ஆர்டிஸ்" என்று எழுதுவார். அப்படி எழுதக்கூடாது என்று தலைமையகத்திலிருந்து இரண்டு முறை சுற்றறிக்கை வந்தது. இரண்டையும் பத்திரமாகக் கோப்பில் வைத்துவிட்டு அடுத்த உறையை எடுத்து எழுதினார்.

உறையைப் பிரித்தவர்கள் கூப்பிடுவார்கள். மாதம் பத்து டாலர் முடியுமா, பதினைந்து முடியுமா என்று பேசி முடிப்பார். முடிப்பதற்குள் அவர்கள் வீட்டில் எத்தனை கன்றுக்குட்டி, எந்தப் பல்லில் வலி என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் அலுவலகத்தின் மற்ற மூன்று வசூல்காரர்கள் சேர்ந்து வசூலிப்பதைவிட அவர் ஒருவர் வசூலிப்பது அதிகம். மளிகைக் கடையில் அவரோடு போனால் வெட்கமாக இருக்கும். பாக்கிதாரர்கள் ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். ஒரு பெண் ஐந்து வருடம் கட்டி முடித்த அன்று அலுவலகத்துக்கே கேக் கொண்டுவந்தாள். அதன் மேல் க்ரீமில் பெரிதாக ஒரு பூஜ்யம் வரைந்திருந்தது. பரிசு வாங்கக்கூடாது என்பது எங்கள் விதி. ஆர்டிஸ் அவளை வாசலிலேயே உட்காரவைத்து, கேக்கை அவள் கையாலேயே வெட்டச் சொல்லி, அதே கட்டடத்தில் மீன்பிடி உரிமம் வாங்க வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுக்கவைத்தார்.

ஆர்டிஸ் பிறந்தது பீட் தோட்டத்தில். சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்குதான் இந்தப் பள்ளத்தாக்கின் வெள்ளாமை. பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் கோடை முழுவதும் களைக்கொத்தோடு நின்றவர். அவர் கணவர் மெர்ல் சர்க்கரை ஆலைக்கு லாரி ஓட்டுகிறார். மெர்ல் தன்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்டபோது ஆர்டிஸ் வேண்டாம் என்றாராம். அடுத்த வருடம் கேட்டபோதும் வேண்டாம் என்றாராம். மூன்றாவது முறை கேட்க அந்த மனிதர் இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார். "அந்த ரெண்டு வருஷம் எனக்கு உயிரே போச்சு, இவரு கேக்காமலே இருந்துடுவாரோன்னு" என்று ஆர்டிஸ் இப்போதும் சொல்வார். நான் இதை ஒரு நல்ல வேடிக்கைக் கதை என்று நினைத்துப் பல விருந்துகளில் சொல்லியிருக்கிறேன். அதற்குமேல் யோசித்ததில்லை.

காபி விஷயம் எனக்குத் தெரியும். இந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் காபி வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லவேண்டும். மறுபடியும் கேட்பார்கள். சிரமம் வேண்டாமே என்று சொல்லவேண்டும். மூன்றாவது முறை கேட்டால்தான், உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் அரைக் கோப்பை என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கை நீட்டுகிறவன் பஞ்சத்தில் அடிபட்டவன் அல்லது நியூ ஜெர்சிக்காரன். எனக்கு இந்தச் சடங்கில் நம்பிக்கையில்லை. கேட்டவுடன் வாங்கிக் குடிப்பேன். இருபது வருடமாக என் மாமியார் அதை மன்னித்து வருகிறார்.

இனி டெல்மார் லுண்ட் விஷயம்.

டெல்மாருக்கு ஐம்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. எங்கள் கரையில் ஜன்னல் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆட்குறைப்பில் வேலை போயிற்று. எங்கள் அலுவலகம் வாரம் ஐந்நூற்று எண்பது டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்போது அக்டோபர் வந்தது. அக்டோபரில் பீட் அறுவடை. அந்த நாட்களில் இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அவரவர் வேலையில் இருக்கமாட்டார்கள். பஸ் ஓட்டுநர், பள்ளிக்கூட வாத்தியார், முடிவெட்டுகிறவர் எல்லாரும் பன்னிரண்டு மணி நேர முறை வைத்து, வயலோரம் பீட்டை மலைபோலக் குவிக்கிற இடத்துக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் நிறுத்தம், உறைபனி விழுந்தால் நிறுத்தம். வருடத்தில் ஒருமுறை வரும் திருவிழா மாதிரிதான். டெல்மாரும் பாலத்தைக் கடந்து போய் மூன்று வாரம் குவிக்கும் இயந்திரத்தில் நின்றார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் படிவம் கேட்கும், இந்த வாரம் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று. டெல்மார் மூன்று வாரமும் பூஜ்யம் என்று எழுதினார். நவம்பரில் கூலிக்கான காசோலை வந்தது. வந்த வாரமே, ஒரு டாலர் விடாமல், அவ்வளவையும் எழுதிவிட்டார். பீட்காரர்கள் புத்தி அது. காசு கைக்கு வருவதற்கு முன் வருமானம் என்று வாயால் சொன்னால் ஆலங்கட்டி மழை பெய்யும் என்று நம்புகிறவர்கள். சட்டமோ உழைத்த வாரத்தைக் கேட்கிறது, காசு வந்த வாரத்தை அல்ல. ஆக, அந்த மூன்று வாரமும் நாங்கள் கொடுத்தது கூடுதல். ஆயிரத்து எழுநூற்று நாற்பது டாலர். இது எங்கள் கண்ணில் படுவதற்குள் அடுத்த அக்டோபரே வந்துவிட்டது. டெல்மார் அக்கரையில் ஸ்டென்சல் என்ற சிற்றூருக்குக் குடிபோய், அங்கே ஒரு கட்டட வேலையில் சேர்ந்து, குளிர் வந்ததும் எல்லாரையும்போல வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அந்த மாநிலத்தின் உதவித்தொகையில் இருந்தார்.

இப்படி வேண்டுமென்றே செய்யாத தவறுக்குத் தள்ளுபடி உண்டு. திருப்பிக் கொடுத்தால் வாழ்க்கை தத்தளிக்கும் என்றால், மனு எழுதிக் கேட்கலாம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

ஆர்டிஸ் டெல்மாரைக் கூப்பிட்டு ஐம்பது நிமிடம் பேசினார். மறுவாரம் ஆர்டிஸுக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லி அறுவை செய்தார்கள். மூன்று வாரம் ஓய்வு. அவர் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. டெல்மாரின் கோப்பில் நீல மையில் இப்படி எழுதியிருந்தது: "வீடு பழைய தபால் நிலையம். ஊரிடம் தவணையில் வாங்கியது. மாதம் 325. இரண்டு தவணை தவறினால் ஊர் திரும்ப எடுத்துக்கொள்ளும். சொந்த வீடு இதுதான் முதல். தள்ளுபடி பற்றிக் கேட்டேன். வேண்டாம் என்றார். (1)"

அந்த அடைப்புக்குறி ஒன்று என்னவென்று எனக்குப் புரியவில்லை. பக்க எண் என்று நினைத்தேன்.

கணக்கு எனக்குப் புரிந்தது. அக்கரையில் அவருக்கு வாரம் முந்நூற்று எண்பது. பாதி பிடித்தால் நூற்றுத்தொண்ணூறு. அதில் சாப்பாடு, கணப்புக்கு எரிவாயு, கார். ஜனவரியில் ஒரு தவணை தவறும், பிப்ரவரியில் இன்னொன்று. வீடு போய்விடும். எனக்கும் மனசு கேட்கவில்லை. நானே டெல்மாரைக் கூப்பிட்டேன். தள்ளுபடி மனு போடுங்கள், கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணி என்று தெளிவாகச் சொன்னேன்.

"ஐய, அதெல்லாம் வேண்டாம்ங்க" என்றார் டெல்மார். "என்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேரு. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

எனக்கு எரிச்சல் வந்தது. வேண்டாம் என்பவர் வாயைப் பிளந்து ஊட்டவா முடியும்? நன்றி சொல்லி வைத்தேன். என் தொலைபேசிப் பேச்சு நாற்பது விநாடி. கோப்பில் "இரு முறை கேட்கப்பட்டது, மறுத்துவிட்டார்" என்று எழுதி, பாதித் தொகையைப் பிடிக்கும்படி அக்கரை அலுவலகத்துக்குக் கடிதம் தயார் செய்தேன். திங்கட்கிழமை காலை போகவேண்டியது. மேசை சுத்தமானதில் எனக்குத் திருப்திகூட இருந்தது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், என் மனைவி அடுப்பில் சுட்டுக்கொடுத்த, ஹாட்டிஷ் என்கிற உருளைக்கிழங்குப் பதார்த்தப் பாத்திரத்தோடு ஆர்டிஸைப் பார்க்கப் போனேன். சாய்வு நாற்காலியில் வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபி வேண்டுமா என்றார். வேண்டும் என்றேன். சமையலறைக்குப் போய் நானே ஊற்றிக்கொண்டேன். அலுவலகக் கதையெல்லாம் சொன்னேன். பேச்சோடு பேச்சாக, டெல்மார் லுண்ட் கோப்பை முடித்துவிட்டேன், பிடிவாதக்காரர், தள்ளுபடியே வேண்டாம் என்கிறார் என்றேன்.

ஆர்டிஸின் கையிலிருந்த பின்னல் ஊசி நின்றது. நான் எத்தனை தடவை கேட்டேன் என்று விசாரித்தார்.

"ஒரு தடவ. நீங்க ஒரு தடவ கேட்டிருக்கீங்க. ரெண்டு தடவயும் வேண்டாம்னுட்டாரு."

"அப்ப அவரு இன்னும் பதிலே சொல்லலியே" என்றார் ஆர்டிஸ்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அடைப்புக்குறி ஒன்று பக்க எண் இல்லை என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. காபிக்கு மட்டும்தான் இந்த வழக்கம் என்று நினைத்திருந்தேன். அரசாங்க மனுவுக்கும், கல்யாணத்துக்கும், வீடு போகிற விஷயத்துக்கும் இவர்கள் ஒரே அளவுகோல் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். இவர்களுக்கு அது சொல்லவேண்டிய விஷயமே இல்லை.

போனில் கேட்டால் என்ன என்றேன். மூன்றாவது தடவை முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும் என்றார். அதற்குள் ஒரு காலணியைப் போட்டுவிட்டிருந்தார். குனிய முடியாததால் இன்னொன்றை நான் மாட்டிவிட்டேன். மணி இரண்டே கால். வழியில் அலுவலகத்தில் நிறுத்தி மனுப் படிவத்தையும் கோப்பையும் எடுத்துக்கொண்டேன். தலையணையை வயிற்றோடு அணைத்தபடி ஆர்டிஸ் முன் இருக்கையில் உட்கார்ந்தார். கார் குலுங்கும்போதெல்லாம் "ஊஃப்" என்பார், உடனே சிரிப்பார், சிரித்தால் தையல் வலிக்கும், வலித்தால் மறுபடி "ஊஃப்". பாலத்தைக் கடக்கும்போது வெயில் பளீரென்று அடித்தது. அறுவடை முடிந்த கறுப்பு வயல்கள், சாலையோரம் லாரியிலிருந்து சிந்திய பீட்கள். எனக்கு ஏனோ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவன் மாதிரி சந்தோஷமாக இருந்தது.

ஸ்டென்சலில் ஒரு தெரு, ஒரு தேவாலயம், தானியக் கிடங்கு, தபால் நிலையமாக இருந்த டெல்மாரின் வீடு. செங்கல் கட்டடம், கொடிக்கம்பம் இன்னும் வாசலில் நின்றது. டெல்மார் கதவைத் திறந்தார். நெடிய மனிதர், காதுவரை சிவந்தார். ஆர்டிஸைப் பார்த்ததில்லை. ஆனால் குரலைக் கேட்டதும், "நீல மை அம்மாவா" என்றார்.

உள்ளே போனோம். ஒரு சுவர் முழுக்கப் பித்தளைக் கதவு வைத்த தபால் பெட்டிகள், நூற்றுப்பன்னிரண்டு. எல்லாம் துடைத்துப் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றிலும் அவர் சாமான்: ஒன்றில் உப்பு, ஒன்றில் காலுறை, ஒன்றில் தூண்டில் முள், ஒன்றில் பல் துலக்கும் தூரிகை. தபால்தலை விற்ற ஜன்னலுக்குப் பின்னால் அடுப்பு. எதைச் சமைத்தாலும் அந்த ஜன்னல் வழியாக வெளியே நீட்டித் தானே இந்தப் பக்கம் வந்து வாங்கிக்கொள்வாராம். இதைச் சொல்லும்போது அந்த மனிதர் முகத்தில் இருந்த பெருமையை நான் அரண்மனை கட்டியவர்களிடம்கூடப் பார்த்திருக்கமாட்டேன்.

மணி மூன்றே கால்.

டெல்மார் காபி வேண்டுமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆர்டிஸ் என் காலை மிதித்தார். வேண்டாம், இப்போதுதான் குடித்தோம் என்றார். பிறகு பனி எப்போது விழும் என்று பேசினார்கள். மறுபடியும் டெல்மார் கேட்டார். சிரமம் வேண்டாமே என்றார் ஆர்டிஸ். பிறகு ஒரு சித்தப்பாவின் முழங்கால் பற்றிப் பேசினார்கள். அந்தச் சித்தப்பா இரண்டு பேருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம் என்று தெரிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவை கேட்டபோது மணி மூன்று ஐம்பது. உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் அரைக் கோப்பை என்றார் ஆர்டிஸ். ஜன்னல் வழியாக மூன்று கோப்பை வந்தது, நிறைய நிறைய. கூடவே பேரீச்சம்பழம் வைத்துச் சதுரமாக வெட்டிய இனிப்பு.

குடித்து முடித்துத்தான் ஆர்டிஸ் பேச்சை எடுத்தார்.

"டெல்மார், அந்தத் தள்ளுபடி மனு. நான் ஒருக்கா கேட்டேன், இவரு ஒருக்கா கேட்டாரு. இப்ப நேருல வந்து கேக்கறேன். போட்டுடலாமா?"

டெல்மார் எழுந்தார். போய் நாற்பத்தொன்றாம் எண் பெட்டியைத் திறந்தார். அதற்குள் எங்கள் அலுவலக உறைகள், ஒன்பது, நாள்வாரியாக அடுக்கியிருந்தன. எட்டு பிரிக்கப்படவே இல்லை. நீல மை எழுதிய ஒன்று மட்டும் பிரிக்கப்பட்டு, மடித்து மடித்து மடிப்பு தேய்ந்துபோயிருந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பாமல், பெட்டிகளைப் பார்த்தபடியே நின்றார்.

"உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு இல்லேன்னா..." என்றார்.

இந்த ஊரில் அதுதான் கூரை பறக்கிற சத்தத்தில் "ஆமாம்" என்பது. ஆர்டிஸ் மூக்கைச் சிந்தினார்.  நான் யாரையும் பார்க்காமல் படிவத்தை வெடுக்கென்று நீட்டினேன்.

எழுத உட்கார்ந்தோம். எல்லாக் கட்டத்திலும் தன் கஷ்டத்தைக் குறைத்து எழுதப் பார்த்தார் டெல்மார். எரிவாயுவுக்கு மாதம் எவ்வளவு என்றால், "நான் அவ்வளவா சூடு வெச்சுக்கறதில்ல" என்பார். ஆர்டிஸ் போன மாத ரசீது எந்தப் பெட்டியில் என்று கேட்டு அதிலிருப்பதை எழுதவைத்தார். கையெழுத்துப் போட்டபோது மணி நாலு நாற்பது. இங்கிருந்து அலுவலகத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். நான் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஆர்டிஸ் நிதானமாக இன்னொரு துண்டு இனிப்பை எடுத்தார். மனுவைப் பெற்றுக்கொள்ள அலுவலகத்துக்குத்தான் போகவேண்டுமா, அலுவலகத்தின் வக்கீல் எங்கே இருந்தாலும் வாங்கலாமா என்று என்னிடமே சட்டம் கேட்டார். வாங்கலாம். எங்கேயும் வாங்கலாம். பதினேழு வருடமாக எனக்கு அது தெரியும். பதற்றத்தில் மறந்துபோயிற்று. நான் தபால்தலை ஜன்னலுக்குப் பின்னால் போய் நின்றேன். டெல்மார் இந்தப் பக்கத்திலிருந்து மனுவை நீட்டினார். வாங்கி, "பெற்றுக்கொண்டேன், வெள்ளி, 4.43" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இது உங்களுக்கு மொதல்லயே ஞாபகமிருந்தா நாம ஏன் இவ்வளவு அவசரப்பட்டுக் காபி குடிச்சிருக்கோம்" என்றார் ஆர்டிஸ். ஒன்றரை மணி நேரத்தை அவசரம் என்றார்.

விடைபெறுதல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நாற்காலியில் ஒரு "சரி, அப்ப", கதவருகே ஒன்று, கொடிக்கம்பத்தடியில் ஒன்று, காரின் கண்ணாடியை இறக்கி ஒன்று. நான் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதல்முறையாகப் பல்லைக் கடிக்கவில்லை.

திங்கட்கிழமை அக்கரைக்குக் கடிதம் போகவில்லை. ஜனவரி இரண்டாம் வாரம் முடிவு வந்தது. காசு வந்ததும் அவராகவே எழுதியிருக்கிறார், மறைக்கும் எண்ணமில்லை, முழுத் தொகையும் தள்ளுபடி. ஆர்டிஸ் வேலைக்குத் திரும்பியிருந்தார். அவர்தான் கூப்பிட்டுச் சொன்னார். எவ்வளவு நேரம் பேசினார் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. டெல்மார் தவணையெல்லாம் தவறாமல் கட்டிவருகிறார். போன கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. உறையின் மேல் நீல மையில் "பயப்படாம பிரிங்க - டெல்மார்" என்று எழுதியிருந்தது.

ஆனால் அந்த முடிவு வந்த அன்று நான் செய்ததைச் சொல்லவேண்டும். என் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தேன். "மறுத்துவிட்டார்" என்று என் கையால் எழுதி மூடிய கோப்புகள், இன்னும் பணம் பிடிக்கப்பட்டுக்கொண்டிருப்பவை, முப்பத்தெட்டு இருந்தன. எல்லாரையும் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தேன், நாற்பது விநாடி. நான் கெட்டவன் இல்லை. கேட்டேன், வேண்டாம் என்றார்கள், எழுதினேன். அப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தேன். வெட்கம் போகவில்லை. நியாயமான காரணம் இருந்தால் கெடுவைத் தாண்டியும் கோப்பைத் திறக்க வக்கீலுக்கு அதிகாரம் உண்டு. சரியாகக் கேட்கவில்லை என்பதைவிட நியாயமான காரணம் என்ன இருக்கிறது?

மேலாக இருந்த கோப்பை எடுத்தேன். லவோன் என்ற விதவை, அக்கரையில் முட்டைப் பண்ணையில் வேலை பார்த்தவர். எண்ணைச் சுழற்றினேன். அடுத்த மேசையில் ஆர்டிஸ் ஏதோ தேடுவதுபோல இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். முதலில் பனியைப் பற்றிப் பேசினேன். பிறகு முட்டையைப் பற்றி. எனக்கு முட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிறகு தள்ளுபடி மனு பற்றிக் கேட்டேன்.

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க. வேண்டாம்ங்க" என்றார் அந்த அம்மா.

"சரிங்க" என்றேன். "செவ்வாக்கிழம மறுபடி கூப்பிடறேன்."

அந்தப் பக்கம் நாட்காட்டியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. 

"செவ்வாக்கிழம மத்தியானம் நான் வீட்டுலதான் இருப்பேன்" என்றார்.

நான் ஆர்டிஸின் மேசைக்குக் கையை நீட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் நீல மைப் பேனாவைக் கொடுத்தார். கோப்பில் எழுதினேன்: வேண்டாம் என்றார். (1)